சொல்லத் தெரியாத நோயாளிகள்

“இன்னிக்குப் புள்ள ரொம்ப சமத்து சிஸ்டர். சாயங்காலத்துலேர்ந்து அழவே இல்ல. பாலுக்குக்கூட எழுந்திருக்கல.”

இரவு 2 மணிக்கு ஒரு தாய் என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னது இது. மடியில் 12 நாள் குழந்தை. மஞ்சள் காமாலைக்காகச் சேர்த்து, குணமாகி, மறுநாள் காலை வீட்டுக்குப் போக வேண்டிய குழந்தை. முதல் பிரசவம் என்பதால் பத்து நாளாகச் சரியான தூக்கமில்லாத அந்தப் பெண்ணுக்கு, அன்றைக்குத்தான் கொஞ்சம் கண்ணசர முடிந்திருக்கிறது. அவருக்கு அது நிம்மதி. எனக்கோ வயிற்றைக் கலக்கியது.

குழந்தையின் பாதத்தைத் தொட்டேன். சில்லென்று இருந்தது. வயிற்றில் கையை வைத்தேன். அதுவும் சில்லென்று இருந்தது. உள்ளங்காலைத் தேய்த்தால் வீறிட வேண்டிய பிள்ளை, காலை லேசாக இழுத்துக்கொண்டு மறுபடி தூங்கிவிட்டது. அப்படியே தூக்கிக்கொண்டு ஓடி வார்மரில் போட்டு, குதிகாலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து சர்க்கரையைப் பார்த்துவிட்டு, டியூட்டி டாக்டரை எழுப்பினேன். ரத்தத்தில் கிருமித் தொற்று. இரண்டு வாரம் ஊசி போட்டோம். பிறகு அந்தத் தாயும் சேயும் நல்லபடியாக வீடு போனார்கள்.

பெரியவர்கள் வார்டில் நோயாளியே கூப்பிடுவார். “சிஸ்டர், நெஞ்சு அடைக்குது” என்பார். குழந்தைகள் வார்டில் அது கிடையாது. பிறந்த குழந்தைக்குச் சொல்லத் தெரியாது. மூன்று வயதுக் குழந்தை பயத்தில் சொல்லாது. பதினாலு வயதுப் பிள்ளை எல்லாம் தெரிந்தும் வாயைத் திறக்காது. 31 வருட நர்ஸ் வேலையில் பெரும்பகுதியை இப்படிப்பட்ட வார்டுகளில் கழித்தவள் நான். ஊசி போடுவதும் ட்ரிப்ஸ் ஏற்றுவதும் இந்த வேலையில் பாதிதான். மீதிப் பாதி, அந்தச் சொல்லாததைக் கண்டுபிடிப்பது. இரவில் ஒரு வார்டு முழுக்க ஒரே ஒரு நர்ஸ் இருக்கிற இடங்களில், அந்தப் பாதியை அம்மாக்களின் கண்ணை நம்பித்தான் செய்ய முடியும். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதல் 28 நாள்

பச்சிளம் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் மட்டும்தான் ஆபத்து என்று பலர் நினைக்கிறார்கள். தொற்று இருக்கும்போது உடம்பு சுடாமல், சில்லிட்டும் போகலாம். நன்றாகக் குடித்துக்கொண்டிருந்த குழந்தை திடீரென்று பாலை மறுப்பது, தொட்டு எழுப்பினால் மட்டும் அசைவது, மூச்சு விடும்போது விலா எலும்புக்குக் கீழே நெஞ்சு உள்ளே குழிந்து இழுப்பது, வலிப்பு, உள்ளங்கை உள்ளங்கால் வரை மஞ்சள் பரவுவது... இவற்றில் ஒன்றைப் பார்த்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

உடம்புச் சூட்டைப் பார்க்க எங்கள் கை வழக்கம் ஒன்று உண்டு. புறங்கையால் முதலில் பாதம், பிறகு வயிறு. இரண்டும் வெதுவெதுப்பாக இருந்தால் சரி. பாதம் மட்டும் சில்லென்று இருந்தால் குழந்தைக்குக் குளிர்கிறது. மார்போடு அணைத்துப் போர்த்துங்கள். இரண்டுமே சில்லென்று இருந்தால் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள், வழியிலும் நெஞ்சோடு அணைத்தபடியே.

மூச்சை எண்ணவும் கற்றுக்கொள்ளுங்கள். குழந்தை அழாமல் இருக்கும்போது சட்டையை விலக்கி, வயிறு ஏறி இறங்குவதை முழுதாக 1 நிமிடம் எண்ண வேண்டும். 15 விநாடி எண்ணி நாலால் பெருக்குவது இங்கே உதவாது. பச்சிளம் குழந்தை சீராக மூச்சு விடாது. கொஞ்சம் வேகமாக விடும், சில விநாடி நிறுத்தும், மறுபடி விடும். 2 மாதத்துக்குள் இருக்கும் குழந்தைக்கு நிமிடத்துக்கு 60 அல்லது அதற்கு மேல் என்றால் அது வேக மூச்சு. 2 மாதம் முதல் 1 வயது வரை 50, அதன் பிறகு 5 வயது வரை 40. ஸ்டெதஸ்கோப் வேண்டாம். செல்போனில் உள்ள கடிகாரம் போதும்.

எடை குறைந்து பிறந்த குழந்தைகளுக்கு எங்களிடம் ஒரு வைத்தியம் உண்டு. பைசா செலவில்லாதது. ‘கங்காரு பராமரிப்பு’ என்போம். தொப்பி, சாக்ஸ், டயப்பர் மட்டும் போட்ட குழந்தையை, அம்மாவின் இரண்டு மார்புகளுக்கு நடுவில், தவளை மாதிரி கைகால் மடக்கிய நிலையில், தலையை ஒரு பக்கம் திருப்பி, மூக்கு அடைபடாமல் நிமிர்ந்தவாக்கில் சேர்த்துக் கட்டுவது. 1978-ல் கொலம்பியாவின் போகோட்டா நகரில், இன்குபேட்டர் போதாமல் திண்டாடிய ஓர் அரசு மருத்துவமனையில்தான் இது தொடங்கியது. வேறு வழியில்லாமல் செய்தது, பிற்பாடு வழியாகவே ஆகிவிட்டது. இந்தியா உட்பட 5 நாடுகளில் நடந்த ஆய்வின் முடிவு 2021-ல் வந்தது. குழந்தையின் நிலை சீராகட்டும் என்று காத்திராமல், பிறந்த உடனேயே இதைத் தொடங்கியபோது, எடை மிகக் குறைந்த குழந்தைகளின் இறப்பு 25 சதவீதம் குறைந்திருந்தது. ஒரு நாளைக்கு 8 மணி நேரத்திலிருந்து முடிந்தால் 24 மணி நேரமும் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2022-ல் பரிந்துரைத்தது.

நாள் முழுக்க ஓர் அம்மாவால் மட்டும் இது முடியுமா? அப்பா செய்யலாம், பாட்டி செய்யலாம். ஆரம்பத்தில் வார்டுக்கு வெளியே நின்று வெட்கப்படுகிற அப்பாக்கள், ஒரு தடவை நெஞ்சில் போட்டுக்கொண்ட பிறகு குழந்தையைத் திருப்பிக் கொடுப்பதில்லை. “இன்னும் அரை மணி நேரம் சிஸ்டர்” என்று கெஞ்சுவார்கள்.

மஞ்சள் காமாலைக்கு நீல விளக்கின் கீழே குழந்தையைப் படுக்க வைப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த வைத்தியத்துக்கு வழி காட்டியவர் ஒரு நர்ஸ் என்பது எனக்கு எப்போதும் பெருமை. 1956-ல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பகுதியில் ராச்ஃபோர்டு மருத்துவமனையில் சிஸ்டர் வார்டு என்பவர், குறைமாதக் குழந்தைகளைக் காற்றாட வெளியே வெயிலுக்குத் தூக்கிப் போவாராம். ஒருநாள் டாக்டர்களிடம் ஒரு குழந்தையைக் காட்டினார். உடம்பெல்லாம் மஞ்சள் வெளுத்திருந்தது. ஓர் இடத்தில் மட்டும் அடர் மஞ்சள். துணி மூடியிருந்த இடம் அது. 1958-ல் அந்த மருத்துவமனையின் டாக்டர்கள் ‘லான்செட்’ இதழில் ஒளி சிகிச்சை பற்றி எழுதினார்கள். இதைச் சொன்னதும் “அப்போ காலை வெயில்ல காட்டினாலே போதுமா?” என்று கேட்பீர்கள். போதாது. எவ்வளவு வெளிச்சம், எவ்வளவு நேரம், ரத்தத்தில் மஞ்சள் எவ்வளவு இறங்கியது என்று எதையும் மொட்டை மாடியில் அளக்க முடியாது. பிறந்த 24 மணி நேரத்துக்குள் மஞ்சள் தெரிந்தால் ஒரு நிமிடம்கூடத் தள்ளிப்போடக் கூடாது.

“சிஸ்டர் வந்து ஊசி போட்டுடுவாங்க!”

ஒரு வயது தாண்டியதும் வேறு பிரச்னை ஆரம்பிக்கும். வெள்ளை உடையைப் பார்த்தாலே அலறல். இதில் எனக்கு ஒரு நீண்டநாள் வருத்தம் உண்டு. சாப்பிட அடம்பிடித்தால், “சிஸ்டரைக் கூப்பிடவா? ஊசி போடச் சொல்லவா?” என்று வீட்டில் மிரட்டுகிறீர்கள். அப்புறம் அதே குழந்தை 103 டிகிரி காய்ச்சலோடு எங்களிடம் வரும்போது, வயிற்றைத் தொட்டுப் பார்க்க விடுவதில்லை. பூச்சாண்டியிடம் எந்தக் குழந்தை வயிற்றைக் காட்டும்?

“வலிக்கவே வலிக்காது” என்றும் சொல்லாதீர்கள். வலிக்கத்தான் செய்யும். பொய் என்று முதல் ஊசியிலேயே தெரிந்துவிடும். பிறகு நீங்கள் சொல்வது எதையும் அது நம்பாது. “எறும்பு கடிச்ச மாதிரி சுருக்குனு வலிக்கும். நீ பத்து எண்ணுறதுக்குள்ள போயிடும்” என்றால் பெரும்பாலான குழந்தைகள் எண்ணுவார்கள். படுக்க வைத்து நாலு பேர் அமுக்கிப் பிடிப்பதைவிட, அம்மா மடியில் உட்கார வைத்துப் போடுவது எவ்வளவோ மேல். கைக்குழந்தை என்றால் தடுப்பூசிக்குச் சற்று முன்பிருந்தே தாய்ப்பால் கொடுத்துக்கொண்டிருங்கள். வலி குறைவாகத் தெரியும்.

அழுதுகொண்டே இருந்த குழந்தை திடீரென அமைதியாகி, யாரையும் பார்க்காமல் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தால், ‘பழகிவிட்டது’ என்று அர்த்தமில்லை. ஒரு காலத்தில் இங்கிலாந்தில் குழந்தையை ஆஸ்பத்திரியில் சேர்த்தால் பெற்றோரை வெளியே அனுப்பிவிடுவார்கள். வாரத்தில் சில மணி நேரம்தான் பார்க்க விடுவார்கள். 1952-ல் ஜேம்ஸ் ராபர்ட்சன் என்பவர் ஒரு படம் எடுத்தார். சின்ன ஆபரேஷனுக்காக 8 நாள் ஆஸ்பத்திரியில் தனியாக இருந்த லாரா என்ற இரண்டரை வயதுச் சிறுமியைப் பற்றிய படம். பெரிதாக அழக்கூடச் செய்யாமல், கொஞ்சம் கொஞ்சமாக முகம் இறுகி அம்மாவிடமிருந்தே விலகிப்போகிற குழந்தை. முதலில் பார்த்த டாக்டர்கள் பலர் கோபப்பட்டார்கள். 1959-ல் அரசுக் குழு ஒன்று, பெற்றோரைத் தாராளமாக அனுமதிக்க வேண்டும் என்று சொல்ல வேண்டியிருந்தது.

நம் ஊர் அரசு ஆஸ்பத்திரிகளில் கட்டிலுக்கு அடியில் பாய் விரித்துப் படுத்திருக்கும் அம்மாக்களைப் பார்த்து ‘கூட்டம், சத்தம்’ என்று சலித்துக்கொண்ட நாட்கள் எனக்கும் உண்டு. லாராவின் கதையைப் படித்த பிறகு அந்தப் பாயைத் தாண்டித்தான் நடந்திருக்கிறேனே தவிர, எடுக்கச் சொன்னதில்லை.

வலி எவ்வளவு என்று சொல்லத் தெரியாத குழந்தையிடம் எப்படிக் கேட்பது? அதற்கும் ஒரு நர்ஸ்தான் வழி கண்டார். 1980-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில், தீக்காயம் பட்ட குழந்தைகளோடு வேலை செய்தபோது, செவிலியர் டோனா வோங்கும் அவருடைய தோழி கோனி பேக்கரும் சேர்ந்து 6 முகங்கள் கொண்ட ஓர் அட்டையை உருவாக்கினார்கள். சிரிக்கிற முகத்தில் தொடங்கி அழுகிற முகம் வரை. 3 வயதுக் குழந்தைகூட “இது நான்” என்று விரல் வைத்துக் காட்டிவிடும். வீட்டில் ஒரு தாளில் நீங்களே வரைந்து வைத்துக்கொள்ளலாம்.

ஒரு கிலோவுக்கு எவ்வளவு?

குழந்தைகள் வார்டில் புதிதாகச் சேரும் நர்ஸுக்கு நான் முதலில் காட்டுவது எடை மெஷினைத்தான். பெரியவர்களுக்கு ‘ஒரு மாத்திரை’. குழந்தைகளுக்கு ‘கிலோவுக்கு இவ்வளவு மில்லிகிராம்’. எடை தப்பினால் மருந்து தப்பும். தசமப் புள்ளி ஓர் இடம் நகர்ந்தால் பத்து மடங்கு. அதனால்தான் ஆபத்தான மருந்துகளை இரண்டு பேர் தனித்தனியாகக் கணக்குப் போட்டுச் சரிபார்த்த பிறகே போடுவோம்.

வீட்டில் அந்த இரண்டாவது ஆள் இல்லை. ஒருமுறை, ஒரு வயதுக் குழந்தை ஒன்றைக் காய்ச்சல் விட்ட பிறகும் வாந்தி நிற்கவில்லை என்று தூக்கி வந்தார்கள். எடை 10 கிலோ. என்ன மருந்து கொடுத்தீர்கள் என்று கேட்டதும் பாட்டி, “பாராசிட்டமால்தான் சிஸ்டர். பெரியவனுக்கு டாக்டர் சொன்ன அதே 5 மில்லி, மூணு வேளை” என்றார். பையிலிருந்து பாட்டிலை எடுத்தார். அது சிரப் இல்லை. சொட்டு மருந்து.

இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். குழந்தைகளுக்கான பாராசிட்டமால் நம் கடைகளில் பல அடர்த்தியில் கிடைக்கிறது. சொட்டு மருந்தில் 1 மி.லி.யிலேயே 100 மி.கி. மருந்து. சிரப்பில் 5 மி.லி.க்கு 120 அல்லது 125 மி.கி. இன்னொரு சிரப்பில் 5 மி.லி.க்கு 250 மி.கி. சிறிய பாட்டிலில் இருப்பதுதான் மிக அடர்த்தியானது. ஒரு வேளைக்கு கிலோவுக்கு 15 மி.கி. என்று வைத்தால், 10 கிலோ குழந்தைக்கு 150 மி.கி. அதாவது, சொட்டு மருந்து என்றால் 1.5 மி.லி. 125 சிரப் என்றால் 6 மி.லி. 250 சிரப் என்றால் 3 மி.லி. அந்தப் பாட்டி கொடுத்தது ஒரு வேளைக்கு 500 மி.கி. கிட்டத்தட்ட ஒரு பெரியவரின் மாத்திரை!

கல்லீரலைக் காக்கும் மாற்று மருந்து ஏற்றி, நாலு நாள் ரத்தப் பரிசோதனை செய்துகொண்டே இருந்தோம். குழந்தை பிழைத்தது. பாட்டி அந்த நாலு நாளும் சாப்பிடவில்லை. அவர் மீது எனக்குக் கோபம் வரவில்லை. கடையில் “காய்ச்சல் மருந்து” என்று கேட்டிருக்கிறார், கையில் கொடுத்ததை வாங்கியிருக்கிறார்.

ஆகவே, பெயரை மட்டும் பார்க்காதீர்கள். பாட்டில் மேல் ‘எத்தனை மி.லி.க்கு எத்தனை மி.கி.’ என்று பாருங்கள். டாக்டரிடம் “இந்தப் பாட்டிலில் எத்தனை மி.லி.?” என்று பாட்டிலைக் காட்டியே கேளுங்கள். பாட்டிலோடு வரும் அளவுக் குப்பியோ ஊசியில்லாத சிரிஞ்சோ போதும். சமையலறை ஸ்பூன் வேண்டாம். இரண்டு வேளைகளுக்கு இடையில் குறைந்தது 4 மணி நேரம், ஒரு நாளைக்கு 4 தடவைக்கு மேல் கூடாது. 3 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் வீட்டில் மருந்தே கொடுக்காமல் நேராக வாருங்கள்.

இதே மாதிரிதான் ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டும். 1971-ல் வங்கதேசப் போர் அகதிகளின் முகாமில் டாக்டர் திலிப் மஹலனாபிஸ் காலராவில் விழுந்தவர்களை இந்த உப்பு-சர்க்கரைத் தண்ணீரைக் கொண்டுதான் காப்பாற்றினார். அதன் பலமே சரியான அளவுதான். 1 லிட்டர் பாக்கெட் என்றால் 1 லிட்டர் தண்ணீரில் முழுசாகக் கொட்ட வேண்டும். பாதியைப் பிரித்து ஒரு டம்ளரில் கலக்குவது உப்பைக் கூட்டிக் குழந்தையை மோசமாக்கும். கடையில் ஓ.ஆர்.எஸ். மாதிரி விற்கும் இனிப்புப் பானங்கள் வேறு, இது வேறு. 6 மணி நேரமாகச் சிறுநீர் போகவில்லை, கண் குழிந்திருக்கிறது, மயங்கி மயங்கி விழுகிறது என்றால் வீட்டில் கலக்கிக்கொண்டிருக்க வேண்டாம்.

பள்ளிக்கூடம் போகிற வயதுப் பிள்ளைகளைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். அவர்கள்தான் வார்டிலேயே சுலபமானவர்கள். கேள்வி கேட்பார்கள், பதில் சொன்னால் போதும். ட்ரிப்ஸ் போடும் முன் “எந்தக் கையால எழுதுவ?” என்று கேட்டு, மற்ற கையில் ஊசியை ஏற்றினால் உங்கள் ஜென்ம நண்பன்.

பதினாலு வயதின் மௌனம்

பல அரசு மருத்துவமனைகளில் 12 வயது வரைதான் குழந்தைகள் வார்டு. 13 வயதில் பெரியவர்கள் வார்டுக்குப் போக வேண்டும். பக்கத்துக் கட்டிலில் பக்கவாதம் வந்த தாத்தா, எதிரில் குடியால் கல்லீரல் கெட்ட ஒருவர், நடுவில் எட்டாம் வகுப்பு படிக்கிற பிள்ளை. இந்த வயதை எந்த வார்டும் தன் பிள்ளையாக நினைப்பதில்லை என்பது என் ஆதங்கம்.

அப்படி ஒரு பெண். வயது 14. டைப் 1 சர்க்கரை நோய். உடம்பில் இன்சுலினே சுரக்காது. வாழ்நாள் முழுக்க ஊசிதான். ஒரே வருடத்தில் மூன்றாவது தடவையாக, மூச்சு வாங்கி, வாயில் பழ வாசனை அடித்து, மயக்கமாக வந்தாள். இன்சுலின் விட்டுப்போனால் ரத்தம் அமிலமாகி இப்படித்தான் ஆகும். ஒவ்வொரு தடவையும் அம்மாதான் பேசினார். “எல்லாம் கரெக்டா போடுறா சிஸ்டர். மதியத்துக்கு நானே சிரிஞ்சும் மருந்தும் குடுத்து விடுறேன்.” அந்தப் பெண் போர்வை நுனியைத் திருகிக்கொண்டிருந்தாள்.

நாலாம் நாள், “ஏம்மா, கீழ போய் டீ குடிச்சிட்டு வாங்களேன், நான் பாத்துக்கிறேன்” என்று அம்மாவை அனுப்பினேன். உடனே எதையும் கேட்கவில்லை. ட்ரிப்ஸ் பிளாஸ்டரை மாற்றிக்கொண்டே, “மதிய ஊசியை ஸ்கூல்ல எங்கம்மா போடுற?” என்று மட்டும் கேட்டேன். ‘போடுறியா’ என்று கேட்டிருந்தால் ‘ஆமா’ என்று முடித்திருப்பாள்.

“பாத்ரூம்ல.” கொஞ்ச நேரம் கழித்து, “ஒரு நாள் ஒருத்தி பாத்துட்டா சிஸ்டர். கிளாஸ் ஃபுல்லா என்னமோ போதை ஊசினு சொல்லிட்டா. அதுக்கப்புறம் போடுறதில்ல.”

ஐந்து மாதமாக மதிய மருந்து ஜன்னல் வழியாகப் போயிருக்கிறது.

இந்த வயதுப் பிள்ளைகள் பேச ஆரம்பிக்கும் முன், “யார்கிட்டயும் சொல்ல மாட்டீங்கல்ல?” என்று கேட்பார்கள். நான் சத்தியம் செய்வதில்லை. பாலியல் தொல்லை போன்றவை தெரியவந்தால் போக்சோ சட்டத்தின் 19-வது பிரிவின்படி தெரிவித்தே ஆக வேண்டும். உயிருக்கு ஆபத்து என்றாலும் மறைக்க முடியாது. அதனால், “உனக்கு ஆபத்துன்னா மட்டும் சொல்லுவேன். அப்பவும் உன்கிட்ட சொல்லிட்டுத்தான் சொல்லுவேன்” என்பேன். எந்தப் பிள்ளையும் அதற்காகப் பேச்சை நிறுத்தியதில்லை. பெற்றோரும் இதைத் தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். டாக்டரோ நர்ஸோ “பத்து நிமிஷம் பிள்ளைகிட்ட தனியா பேசணும்” என்றால் எழுந்து வெளியே போங்கள்.

அந்தப் பெண்ணிடம், “அம்மாகிட்ட நான் சொல்லவா, நீ சொல்றியா?” என்று கேட்டேன். “நீங்க சொல்லுங்க, நான் பக்கத்துல இருக்கேன்” என்றாள். அம்மா முதலில் அடிக்கக் கை ஓங்கினார். பிறகு முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

டாக்டர் பள்ளிக்கு ஒரு கடிதம் எழுதினார். அதில் நாங்கள் சேர்த்த விஷயங்கள் நாலு: ஊசி போட ஓர் அறை வேண்டும், சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கிக் கை நடுங்கி வியர்த்தால் உடனே 3 டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து கொடுக்க வேண்டும், மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐக் கூப்பிட வேண்டும், வகுப்பில் பிஸ்கட் சாப்பிட்டால் திட்டக் கூடாது. நாலாவது, அவளே கேட்டுச் சேர்த்தது.

அவர்கள் வீட்டில் ஃப்ரிட்ஜ் இல்லை. மண்பானைக்குள் மண்பானை வைத்து, நடுவில் ஈர மணல் போட்டு, இன்சுலினை உள்ளே வைக்கச் சொல்லிக் கொடுத்தோம். அடுத்த மாதம் செக்கப்புக்கு வந்தபோது பள்ளியில் எங்கே போடுகிறாள் என்று கேட்டேன்.

“ஹெச்.எம். ரூம்ல சிஸ்டர். அவங்களுக்கும் சுகராம். நான் போடுறதைப் பாத்துட்டு, இப்ப அவங்களும் தைரியமா தானே போட்டுக்கிறாங்க.”